செரோக்கி அரசின் காகிதங்கள்: புதிதாகத் தேட வருபவருக்கு

‘மிஷனரி ஹெரால்டு’ என்ற பழைய அமெரிக்க மாத இதழில் யாழ்ப்பாணத்துக் கடிதங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். 1820களின் இதழ்கள். வட்டுக்கோட்டை செமினரியைப் பற்றி ஒரு கடிதம். நாலு பக்கம் தள்ளினால் அமெரிக்கப் பழங்குடிகளான செரோக்கிகளின் பிள்ளைகளுக்கு நடந்த பள்ளியைப் பற்றி இன்னொரு கடிதம். இரண்டு இடத்துக்கும் ஆள் அனுப்பியது பாஸ்டனில் இருந்த ஒரே மிஷனரி சங்கம்தான், அமெரிக்கன் போர்டு. 1816ல் யாழ்ப்பாணம், 1817ல் டென்னசியில் செரோக்கிகளுக்கான பிரெய்னர்டு மிஷன், 1834ல் மதுரை. யாழ்ப்பாணத்தை அப்படியே வைத்துவிட்டுச் செரோக்கிப் பக்கம் போனவன் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

அமெரிக்கப் பழங்குடிகள் என்றதும் வாய்மொழிக் கதை, பாட்டு, நடனம் என்றுதான் நம் மனம் போகிறது. செரோக்கிகளிடம் அதெல்லாம் உண்டு. ஆனால் அவர்கள் எழுதி ஆண்டவர்கள். 1808ல் எழுத்துச் சட்டம். 1821ல் செக்வோயா தம் மொழிக்கு எழுத்து வகுத்து முடித்தார். 1827ல் அரசியல் சாசனம், 1828ல் செய்தித்தாள். மன்றத் தீர்மானம், நீதிமன்றப் பதிவு, பள்ளிக் கணக்கு, தேர்தல் முடிவு என்று ஓர் அரசாங்கம் விட்டுப்போகும் காகிதம் அத்தனையும் அவர்கள் கையாலேயே எழுதப்பட்டிருக்கிறது. கூடவே, அவர்களை எண்ணவும் வெளியேற்றவும் நிலத்தைப் பிரிக்கவும் அமெரிக்க அரசு எழுதிய காகிதம் மலைபோல் இருக்கிறது. இரண்டும் பல இடங்களில் கலந்து கிடக்கின்றன. அதனால் எந்த ஆவணத்தைத் திறந்தாலும் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதை யார் எழுதினார்கள், எதற்காக? மற்ற வழிமுறையெல்லாம் இதற்குப் பிறகுதான்.

முதல் வேலை: இடமும் ஆண்டும்

இன்று அமெரிக்க அரசு ஏற்றுக்கொண்ட செரோக்கி அரசுகள் மூன்று. ஓக்லஹோமாவில் டாலக்வா நகரைத் தலைநகராகக் கொண்ட செரோக்கி நேஷன். அதே ஊரை மையமாகக் கொண்ட யுனைட்டெட் கீட்டூவா பேண்டு. வட கரோலினா மலைப்பகுதியில், குவாலா எல்லை எனப்படும் நிலத்தில் வாழும் ஈஸ்டர்ன் பேண்டு. மூன்றுக்கும் ஆவணங்கள் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன. வட கரோலினாக் குடும்பம் ஒன்றை ஓக்லஹோமாப் பட்டியலில் தேடினால் வருடக்கணக்கில் தேடிக்கொண்டிருக்கலாம்.

ஆண்டுகளில் இரண்டு கோடுகளை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். முதல் கோடு 1838. அதற்கு முன் செரோக்கி அரசு ஜார்ஜியா, டென்னசி, அலபாமா, வட கரோலினாப் பகுதிகளில் இருந்தது. நியூ எக்கோட்டா தலைநகர். 1835 டிசம்பர் 29ல் ஒரு சிறு குழு மட்டும் கையெழுத்திட்ட நியூ எக்கோட்டா ஒப்பந்தத்தைக் காட்டி, சுமார் 16,000 பேரை 1838–39ல் மிசிசிப்பிக்கு மேற்கே துரத்தினார்கள். வழியிலும் முகாம்களிலும் செத்தவர்கள் ஏறத்தாழ 4,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. கண்ணீர்ப் பாதை என்பது இதுதான். இரண்டாம் கோடு 1907. அந்த ஆண்டு நவம்பர் 16ல் ஓக்லஹோமா மாநிலமானது. அதற்கு முந்தைய ஆவணங்களில் ஓக்லஹோமா என்ற சொல்லைத் தேடிப் பயனில்லை. ‘இண்டியன் டெரிட்டரி’ என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

இந்தச் சொல்லால் நமக்கு ஒரு தனித் தொல்லை. பட்டியல்கள் எல்லாவற்றிலும் ‘இண்டியன்’ என்றே இருக்கும். பொதுவான தேடுபெட்டியில் ‘இண்டியன் ஆர்கைவ்ஸ்’ என்று போட்டால் புது தில்லி ஜன்பத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். ‘செரோக்கி’ என்ற சொல்லைக் கூடவே சேர்த்துப் போடுங்கள். அலுவலகப் பெயர் வேண்டுமானால் ‘ஆபீஸ் ஆஃப் இண்டியன் அஃபேர்ஸ்’. பின்னாளில் அதுவே ‘பீரோ ஆஃப் இண்டியன் அஃபேர்ஸ்’ ஆனது.

சட்டத்தில் தொடங்குங்கள்

புதியவர்கள் எல்லோரும் பெயரில்தான் தொடங்குகிறார்கள். நான் சொல்வது சட்டத்தில் தொடங்குங்கள் என்று. அச்சில் இருக்கிறது, ஆங்கிலத்திலும் இருக்கிறது, இலவசமாகவும் கிடைக்கிறது. செரோக்கி நேஷன் தன் சட்டங்களைத் தொகுத்து 1852ல் டாலக்வாவில் அச்சிட்டது. 1875, 1893 பதிப்புகளும் உண்டு. இவற்றை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் வருடி வைத்திருக்கிறது.

1852 தொகுப்பின் முதல் சட்டம் 1808 செப்டம்பர் 11 தேதியிட்டது. புரூம்ஸ் டவுன் என்ற ஊரில் கூடிய மன்றம் போட்டது. குதிரைத் திருட்டை அடக்கக் காவல் குழுக்கள். குழுவுக்கு ஆறு பேர். தலைவருக்கு ஆண்டுக்கு 50 டாலர், துணைத் தலைவருக்கு 40, மற்றவருக்கு 30. குதிரை திருடியவனுக்கு 100 கசையடி. தந்தை இறந்தால் சொத்து பிள்ளைகளுக்கும் விதவைக்கும் போக வேண்டும் என்பதையும் இந்தக் குழுக்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அரைப் பக்கம்தான் வரும். ஆனால் செரோக்கிகள் தாய்வழிச் சமூகம் என்பது தெரிந்தவர் அந்தக் கடைசிப் பிரிவில் நின்றுவிடுவார். தாயின் குலத்துக்குப் போய்வந்த சொத்தைத் தந்தைவழிக்குத் திருப்பும் வேலை அங்கே தொடங்குகிறது. குதிரைச் சட்டம் என்று கடந்து போயிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

சட்டத்துக்கு அடுத்தபடி செய்தித்தாள். ‘செரோக்கி ஃபீனிக்ஸ்’ 1828 பிப்ரவரி 21ல் நியூ எக்கோட்டாவில் வெளிவந்தது. ஆசிரியர் இலையாஸ் பூடினோ. ஆங்கிலமும் செரோக்கியும் ஒரே தாளில், சில இடங்களில் ஒரே செய்தி பக்கத்துப் பக்கத்துப் பத்தியாக. முதல் இதழிலேயே 1827 சாசனத்தை இரு மொழியிலும் அச்சிடத் தொடங்கினார்கள். கடைசி இதழ் 1834 மே 31; அடுத்த ஆண்டு ஜார்ஜியா மாநிலப் படை அச்சகத்தையே பறித்துக்கொண்டு போனது. ஜார்ஜியா டிஜிட்டல் நூலகத் தளத்தில் இதழ்களின் படங்கள் உள்ளன. வெஸ்டர்ன் கரோலினா பல்கலைக்கழக நூலகம் ஆங்கிலப் பகுதிகளைத் தட்டச்சு செய்து போட்டிருக்கிறது. படத்தையும் தட்டச்சையும் இரண்டு ஜன்னலில் வைத்துப் படிப்பது நல்ல பழக்கம். மேற்கே போன பிறகு ‘செரோக்கி அட்வகேட்’ 1844ல் டாலக்வாவில் தொடங்கி, இடையிடையே நின்று நின்று 1906 வரை வந்தது.

சாசனத்தைப் படிக்கும்போதே அமைப்பை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். முதன்மைத் தலைவர், இரு அவைகள் கொண்ட மன்றம், உச்ச நீதிமன்றம், மாவட்டங்கள். 1827ல் எட்டு மாவட்டங்கள். மேற்கே, 1839 செப்டம்பரில் டாலக்வாவில் இயற்றிய சாசனத்துக்குப் பிறகும் எட்டு. 1856ல் ஒன்பதாவதாகக் கூவீஸ்கூவி சேர்ந்தது. அது முதன்மைத் தலைவர் ஜான் ராஸின் செரோக்கிப் பெயர். மாவட்டப் பெயர்கள் ஏன் முக்கியம் என்றால், பிற்காலத்து மக்கள்தொகைக் கணக்கும் நீதிமன்றப் பதிவும் பணப் பட்டுவாடாவும் மாவட்ட வாரியாகத்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. மாவட்டம் தெரியாமல் உள்ளே போவது, தாலுகா தெரியாமல் பட்டா கேட்கப் போவது மாதிரி.

பட்டியல்கள்

செரோக்கி ஆராய்ச்சியில் அதிகம் அடிபடும் சொல் ‘ரோல்’. பெயர்ப்பட்டியலும் ரோல்தான், மைக்ரோஃபிலிம் சுருளும் ரோல்தான். ஆங்கிலக் குறிப்புகளில் எது எது என்று நின்று பார்க்க வேண்டும். தமிழில் நமக்கு அந்தக் குழப்பம் இல்லை. நான் பட்டியல், சுருள் என்றே எழுதுகிறேன்.

பட்டியல்கள் நிறைய. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், ஒவ்வொன்றும் ஏன் எடுக்கப்பட்டது என்று தெரிந்தால் போதும்.

1835 ஹெண்டர்சன் பட்டியல், வெளியேற்றுவதற்கு முன் எடுத்த கணக்கு. குடும்பத் தலைவர் பெயர் மட்டும் இருக்கும். மனைவி மக்கள் வெறும் எண்ணிக்கை. ஊர்ப்பெயருக்குப் பதில் பெரும்பாலும் ஆறு, ஓடையின் பெயர். ஆனால் கட்டங்களைப் பாருங்கள்: எத்தனை வீடு, எத்தனை ஏக்கர் உழவு, எத்தனை புஷல் சோளம் விளைந்தது, எத்தனை விற்றது, ஆலை உண்டா, தோணித்துறை உண்டா, நெசவு செய்வோர் எத்தனை, நூற்போர் எத்தனை, ஆங்கிலம் படிப்போர் எத்தனை, செரோக்கி படிப்போர் எத்தனை. அடிமைகள் எத்தனை என்றும் ஒரு கட்டம். மொத்தம் 16,542 செரோக்கிகள், 1,592 அடிமைகள். துரத்தப் போகிறவர்களின் சொத்தை மதிப்பிட எழுதிய கணக்கு, அவர்கள் எவ்வளவு வேரூன்றி வாழ்ந்தார்கள் என்பதற்குச் சாட்சியாக நிற்கிறது. செரோக்கி படிப்போர் கட்டத்தை மட்டும் ஓர் ஓடைக்கரை முழுக்கக் கூட்டிப் பாருங்கள். எழுத்து வந்து பதினாலே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

இதற்கு எதிர்ப்புறத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது, ஒப்பந்தத்தை எதிர்த்து 1838ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குச் செரோக்கிகள் அனுப்பிய மனு. அதில் 15,000க்கும் மேற்பட்ட பெயர்கள். இதுவும் பெயர்ப்பட்டியல்தான்; ஆனால் எழுதிய கை வேறு.

வெளியேற்றத்துக்குப் பிந்தையவை: மேற்கே வந்து சேர்ந்தவர்களுக்கு 1851 டிரென்னன் பட்டியல். முன்பே விரும்பி மேற்கே போயிருந்தவர்களுக்கு அதே ஆண்டில் ‘பழைய குடியேறிகள்’ பட்டியல். கிழக்கே தங்கிவிட்டவர்களுக்கு 1848 மல்லே, 1851 சைலர், 1852 சாப்மன். வட கரோலினாவின் ஈஸ்டர்ன் பேண்டைச் சார்ந்தவர்களுக்குக் கடைசியாக 1924 சட்டத்தை ஒட்டி வந்த பேக்கர் பட்டியல். இடையே 1880ல் செரோக்கி நேஷன் தானே எடுத்த கணக்கு ஒன்று உண்டு. 1890, 1896லும் எடுத்தார்கள். தன் குடிமக்கள் யார் என்று அந்த அரசே எழுதியது என்பதால் இவற்றுக்கு என்னிடம் தனி மதிப்பு.

எனக்கு மிகவும் பிடித்தது கியான் மில்லர் விண்ணப்பங்கள். பழைய ஒப்பந்தங்களின்படி செரோக்கிகளுக்குச் சேர வேண்டிய 10 லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகையை அமெரிக்க உரிமைக் கோரிக்கை நீதிமன்றம் 1905ல் வழங்கச் சொன்னது. யாருக்குப் பங்கு என்று பார்க்க நியமிக்கப்பட்டவர் கியான் மில்லர். 45,000க்கும் மேல் விண்ணப்பங்கள் வந்தன. ஒரே விண்ணப்பத்தில் பிள்ளைகளும் சேர்ந்திருப்பதால் கோரியவர்கள் சுமார் 90,000 பேர். ஏற்கப்பட்டவர்கள் 30,000 பேர் அளவில்.

விண்ணப்பத் தாளைப் பாருங்கள். ஆங்கிலப் பெயர் என்ன, செரோக்கிப் பெயர் என்ன? பிறந்த இடம்? தாய், தந்தை பெயர் இரு மொழியிலும்? அவர்கள் 1851ல் எங்கே குடியிருந்தார்கள்? உடன்பிறந்தவர்கள்? தாத்தா, பாட்டி? அவர்கள் 1851ல் எங்கே? கடைசியில், 1835 வரை முன்னோர் பெயரைச் சொல்லுங்கள். ஏன் 1851, ஏன் 1835? மேலே சொன்ன பட்டியல்களோடு ஒத்துப் பார்க்கத்தான். 1907ல் ஒரு கிழவி தன் அம்மாவின் செரோக்கிப் பெயரையும் அம்மாவின் அண்ணன் தம்பி பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதவைத்திருப்பார். கீழே எழுத்துக் கையெழுத்து இல்லாமல் பெருக்கல் குறி, பக்கத்தில் இரண்டு சாட்சி. ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை நாலு பக்கத்தில் கிடைக்கும் இடம் வேறெங்கும் இல்லை.

இரண்டு எச்சரிக்கை. தள்ளுபடியான விண்ணப்பத்தைத் தள்ளிவிடாதீர்கள். குடும்ப விவரம் அதிலும் அவ்வளவே இருக்கும். அதேசமயம், விண்ணப்பம் இருப்பதாலேயே விண்ணப்பித்தவர் செரோக்கி என்று ஆகிவிடாது. பணம் வருகிறது என்று கேள்விப்பட்டு, பாட்டி சொன்ன கதையை நம்பி, தெற்கு மாநிலங்களிலிருந்து எழுதியவர்கள் ஆயிரக்கணக்கில்.

ஒரு டாவ்ஸ் அட்டை

ஓக்லஹோமாப் பக்கம் போனால் டாவ்ஸ் பட்டியலைத் தவிர்க்க முடியாது. பொதுவில் இருந்த நிலத்தைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்து, பழங்குடி அரசுகளைக் கலைப்பதற்காக 1893ல் அமைத்த டாவ்ஸ் குழு எடுத்தது அது. 1898 முதல் பெயர் பதிந்தார்கள். செரோக்கி, சாக்டா, சிக்கசா, மஸ்கோகி, செமினோல் ஐந்தும் சேர்த்து 1,01,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இறுதிப் பட்டியலில் ஏறின. செரோக்கி நேஷனில் இன்று குடியுரிமை கேட்பவர், இந்தப் பட்டியலில் உள்ள ஒருவரின் நேர் வழித்தோன்றல் என்று காட்ட வேண்டும்.

ஓக்லஹோமா வரலாற்றுச் சங்கத்தின் தளத்தில் பெயர் அட்டவணை இலவசம். பெயரைப் போட்டால் வயது, பால், இரத்த அளவு (வம்சாவளியில் எத்தனை பங்கு செரோக்கி என்ற கணக்கு), இரண்டு எண்கள் வரும். ஒன்று பட்டியல் எண், அது தனி ஆளுக்கு. மற்றது அட்டை எண், அது குடும்பத்துக்கு. நான் இரண்டு மாலை முழுக்கப் பட்டியல் எண்ணை அட்டை எண் என்று நினைத்து, சம்பந்தமே இல்லாத ஒரு குடும்பத்தின் அட்டையைப் படித்துக் குறிப்பெடுத்து, பிள்ளைகளின் வயது ஏன் பொருந்தவில்லை என்று மண்டையைக் குழப்பிக்கொண்டேன். நீங்கள் அட்டை எண்ணோடு போங்கள்.

அட்டை அகலமான தாள். இடப்பக்கம் குடும்பத்தாரின் பெயர், தலைவருக்கு என்ன உறவு, வயது, பால், இரத்த அளவு. அதன் பக்கத்தில் முந்தைய பதிவு: எந்த ஆண்டுக் கணக்கு, எந்த மாவட்டம், எத்தனையாம் எண். செரோக்கி அட்டைகளில் இங்கே பெரும்பாலும் 1880ம் 1896ம் இருக்கும். நீங்கள் அடுத்துப் போக வேண்டிய முகவரி அதுதான். வலப்பக்கம் தந்தை பெயர், தாய் பெயர். இறந்திருந்தால் அப்படியே குறித்திருப்பார்கள். அடிப்பகுதியில் வேறு வேறு மையில், வேறு வேறு கையில் குறிப்புகள்: இன்ன எண்ணுள்ளவர் இறந்தார், இன்ன எண்ணுள்ளவர் மணமாகி வேறு அட்டைக்குப் போனார், இந்தக் குழந்தை பின்னால் சேர்க்கப்பட்டது. முதலில் படிக்க வேண்டியது அந்த அடிப்பகுதி என்பேன்.

‘இரத்த அளவு’ என்ற கட்டத்தை அறிவியல் போலப் படிக்காதீர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எழுத்தர் கேட்டும் பார்த்தும் போட்ட எண் அது. செரோக்கிகளிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் ‘ஃப்ரீட்மென்’ என்று தனி அட்டைகளில் எழுதினார்கள். அந்த அட்டையில் இரத்த அளவுக் கட்டமே கிடையாது. அதற்குப் பதில் முன்னாள் உடைமையாளர் பெயர். தாய்வழியில் செரோக்கிப் பாட்டி இருந்தாலும் எழுத இடமில்லை. இந்த ஒரு கட்டம் இல்லாமல் போனதன் வழக்கு நூறாண்டுக்கு மேல் ஓடியது. அமெரிக்க அரசோடு செய்த 1866 ஒப்பந்தப்படி அவர்கள் வழித்தோன்றல்களுக்குக் குடியுரிமை உண்டு என்று 2017ல் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘இரத்த வழி’ என்ற சொற்களைச் சாசனத்திலிருந்து நீக்கச் சொல்லி 2021ல் செரோக்கி நேஷனின் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது.

அட்டையோடு நிறுத்தாதீர்கள். அதே எண்ணில் விண்ணப்பக் கட்டு தனியாக இருக்கும்: கேள்வி பதிலாக வாக்குமூலம், மருத்துவச்சி கொடுத்த பிறப்புச் சான்று, திருமணச் சான்று. நிலப் பிரிவினையே வேண்டாம் என்று பதிய மறுத்தவர்களும் இருந்தார்கள். ரெட்பேர்டு ஸ்மித் தலைமையிலான நைட்ஹாக் கீட்டூவாக்கள். அவர்களில் பலரைப் பற்றிய விவரத்தை அண்டை அயலார்தான் சொன்னார்கள். தான் கேட்காத அட்டை ஒருவர் பேரில் இருக்கிறது என்பதையும் நினைவில் வைத்துப் படிக்க வேண்டும்.

பெயர் படுத்தும் பாடு

செரோக்கி ஃபீனிக்ஸ் ஆசிரியர் பூடினோவும், அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்னரசுத் தரப்புத் தளபதியாக இருந்த ஸ்டாண்டு வாட்டியும் அண்ணன் தம்பி. ஒருவர் பெயரைப் பார்த்து மற்றவரைக் கண்டுபிடிக்கவே முடியாது. அண்ணனின் முதல் பெயர் பக் வாட்டி. கனெக்டிகட்டில் படிக்கப் போகும் வழியில் சந்தித்த ஒரு பெரியவரின் பெயரை எடுத்துக்கொண்டார். செக்வோயா ஆங்கிலக் காகிதங்களில் ஜார்ஜ் கெஸ், ஜார்ஜ் கிஸ்ட் என்றெல்லாம் வருவார். அப்பா பெயரை இனிஷியலாக வைத்து, பாஸ்போர்ட்டில் அதையே குடும்பப் பெயராக விரித்து அவதிப்படும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு தாளில் மூன்று வரிசை போடுங்கள்: ஆங்கிலப் பெயர், செரோக்கிப் பெயரின் ஒலி, அதன் மொழிபெயர்ப்பு. ஒரே ஆள் மூன்று ஆவணத்தில் மூன்று விதமாக வருவார். செரோக்கி மொழியில் ப, ஃப போன்ற இதழொலிகள் கிடையாது, ‘ம’ மட்டும் சில சொற்களில் உண்டு. மேற்குப் பேச்சில் ‘ர’ இல்லை, ‘ல’தான். கேட்ட எழுத்தர் தன் காதுக்குப் பட்டதை எழுதினார். எழுத்துக்கூட்டலை நம்பாமல் ஒலியை நம்பி, பக்கத்துப் பெயர்கள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பட்டியல்களில் உறவினர் அருகருகேதான் வருவார்கள்.

எங்கே இருக்கிறது

அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகத்தில் பழங்குடி நிர்வாகக் காகிதங்கள் ரெக்கார்டு குரூப் 75 என்ற தலைப்பின் கீழ் வரும். ஒப்பந்த மூலங்கள் 11ல். ஓக்லஹோமாப் பக்கத்து அலுவலகக் காகிதங்கள் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் கிளையில், வட கரோலினா முகவர் அலுவலகக் காகிதங்கள் அட்லாண்டா கிளையில். நேரில் போகாதவருக்கு மைக்ரோஃபிலிம் எண்கள்தான் சாவி. டாவ்ஸ் அட்டைகள் எம் 1186, விண்ணப்பக் கட்டுகள் எம் 1301, கியான் மில்லர் விண்ணப்பங்கள் எம் 1104, இறுதிப் பட்டியல் டி 529, 1835 கணக்கு டி 496, டென்னசி முகவர் அலுவலகத்தின் 1801–1835 காகிதங்கள் எம் 208. ‘எம்’, ‘டி’ இரண்டையும் ஆங்கில எழுத்தில் எண்ணோடு ஒட்டித் தட்டுங்கள். எம் 1104 மட்டும் 348 சுருள். பெயர் அட்டவணையில் விண்ணப்ப எண்ணைப் பார்க்காமல் உள்ளே போகாதீர்கள். இவற்றில் பெரும்பகுதி காப்பகத்தின் இணையப் பட்டியலிலோ ஃபேமிலிசர்ச் தளத்திலோ காசில்லாமல் பார்க்கலாம். சென்னையில் உட்கார்ந்துகொண்டு சந்தா கட்டும் தளங்களுக்குப் பணம் போடும் முன் இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

செரோக்கி அரசின் சொந்தக் காகிதங்களுக்கு முக்கிய இடம் ஓக்லஹோமா சிட்டியில் உள்ள வரலாற்றுச் சங்கம். ஐந்து அரசுகளின் ஆவணங்களையும் அதன் பொறுப்பில் வைக்க 1934ல் சட்டம் வந்தது. மன்றக் குறிப்பு, தேர்தல், பள்ளி, தோணித்துறை, வெளியாருக்குக் கொடுத்த வேலை அனுமதிச் சீட்டு, உரியவர் தெரியாமல் சுற்றிய மாடு குதிரைகளின் பதிவு. நம்மூர் மாட்டுப்பட்டிக் கணக்கு மாதிரிதான். ஒரு மாவட்டத்தில் யார் யார் எங்கே குடியிருந்தார்கள் என்று தெரிய இதைவிட நல்ல இடம் குறைவு. காலவரிசையில் ஓட்டை தெரிந்தால் ஆச்சரியப்படாதீர்கள். 1863ல் வாட்டியின் படை டாலக்வா மன்ற வீட்டையும் ஜான் ராஸின் வீட்டையும் கொளுத்தியது. ராஸின் காகிதங்களில் பிழைத்தவை பல டல்சாவின் கில்கிரீஸ் அருங்காட்சியகத்தில் உள்ளன. டாலக்வாவில் செரோக்கி நேஷனுக்கே ஆய்வு மையம் இருக்கிறது. உள்ளூர்க் கேள்விக்கு அங்கே எழுதிக் கேட்பதே நல்லது.

சிகாகோவின் நியூபெரி நூலகத்தில் ஜான் ஹோவர்டு பேன் என்ற நாடக ஆசிரியரின் 14 தொகுதிகள் இருக்கின்றன. செரோக்கி வரலாறு எழுதக் குறிப்பெடுக்க வந்தவர். 1835ல் ராஸோடு சேர்த்து அவரையும் ஜார்ஜியாப் படை பிடித்துக்கொண்டு போனது. வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்தில் மொராவியத் திருச்சபையின் நாட்குறிப்புகள் இருக்கின்றன. 1801 முதல் ஸ்பிரிங்பிளேஸில் அன்றாடம் எழுதியவை, பழைய ஜெர்மன் கையெழுத்தில். ஆங்கில மொழிபெயர்ப்புகள் அச்சில் வந்திருக்கின்றன.

அமெரிக்கன் போர்டின் காகிதங்கள் ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில். வெளியேற்றத்தின்போது மக்களோடு கூடவே நடந்த மிஷனரி டேனியல் பட்ரிக்கின் நாட்குறிப்பு அங்கேதான். யாழ்ப்பாண, மதுரை மிஷன் கடிதங்களும் அதே சேகரிப்பில்தான். இரண்டையும் தெரிந்த தமிழ் வாசகர் ஒருவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் சுவையாக இருக்கும்: ஒரே ஆண்டு, பாஸ்டனில் ஒரே அலுவலகத்துக்கு, வட்டுக்கோட்டையிலிருந்து ஒருவர் காகிதமும் புத்தகமும் கேட்டு எழுதுகிறார், நியூ எக்கோட்டா மிஷனரி சாமுவேல் வூஸ்டர் ஜார்ஜியாச் சிறையிலிருந்து எழுதுகிறார். வூஸ்டர் பெயரில் 1832ல் வந்த அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புதான், செரோக்கி நிலத்தில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்றது.

அந்த எழுத்து

சில ஆவணங்கள் செரோக்கி எழுத்திலேயே இருக்கும். பயப்பட வேண்டாம், இன்று வழங்குவது 85 எழுத்துகள். எழுத்துக்கு ஓர் அசை, நம் உயிர்மெய் போல. ஆனால் கா, கீ, கூவில் ‘க’ தெரிவது மாதிரி அங்கே தெரியாது. ஒவ்வொன்றும் தனி உருவம். க–க்க வேறுபாடு பெரும்பாலும் எழுத்தில் வராது, படிப்பவர்தான் இடம் பார்த்து ஒலிக்க வேண்டும். ‘காகம்’ என்பதில் ஒரே ‘க’வை இரண்டு விதமாக ஒலிக்கப் பழகிய நமக்கு இது கைவந்த கலை, ஆங்கிலத்தார்தான் தடுமாறுவார்கள். ஒரு வாரம் ஒதுக்கினால் ஃபீனிக்ஸில் ஆட்பெயர்களையாவது எழுத்துக்கூட்டிவிடலாம். பொருள் புரிவது வேறு கதை. கையெழுத்து அச்சு வடிவத்திலிருந்து விலகும் என்பதால் அச்சில் தொடங்குங்கள்.

இந்த எழுத்தில் உள்ள கையெழுத்து ஏடுகளில் ஒரு பகுதி மருத்துவர்களின் மந்திர ஏடுகள். யேலின் பைனெக்கி நூலகத்திலும் ஸ்மித்சோனியனிலும் உள்ளன. இவற்றைக் கண்டதும் படம் எடுத்துப் போட்டு மொழிபெயர்க்கக் கிளம்பிவிடாதீர்கள். பட்டியலில் இருப்பது வேறு, பரப்பலாம் என்பது வேறு. மக்களைச் சார்ந்த ஆய்வு என்றால் செரோக்கி நேஷனுக்குத் தனி நெறிமுறைக் குழு உண்டு. அனுமதி கேட்க வேண்டும். யாராவது அட்டைப் படத்தைக் காட்டி “நான் செரோக்கியா?” என்று உங்களைக் கேட்டால், அந்தந்த அரசின் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள். யார் குடிமகன் என்பதை அவர்கள்தான் தீர்மானிப்பார்கள்.

எழுதிக் கேட்பதானால் கடிதம் சின்னதாக இருக்கட்டும்: ஒரு பெயர் அல்லது ஒரு சட்டம், ஓர் ஆண்டு, ஒரு மாவட்டம், நீங்கள் ஏற்கெனவே பார்த்த சுருள் எண்கள். கடைசியில் சொன்னதை மட்டும் விட்டுவிடாதீர்கள். எதைப் பார்த்தும் கிடைக்கவில்லை என்று தெரிந்தால்தான் அந்த ஆவணக்காப்பாளர் அடுத்த அறைக்குப் போவார்.